பனியனுக்குள் ஒரு செல்!

'செல்' என்றதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இது அந்தச் செல் இல்லை. பத்தாம் வகுப்பில் பயாலஜி டீச்சர் போர்டில் முட்டை மாதிரி ஒன்று வரைந்து, நடுவில் ஒரு பொட்டு வைத்து, நாலு அம்புக்குறி போட்டு பாகங்களைக் குறிக்கச் சொல்வார்களே... அந்தச் செல்!

அதற்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது சார். பனியன் நூலில் ஆரம்பித்து, சாயப்பட்டறை வழியாக ஓடி, நொய்யலில் விழுந்து, ஹைகோர்ட் படி ஏறிய சம்பந்தம். பி.காம். படித்தவனுக்கு பயாலஜியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கதையில் பாதி, வரவு-செலவுக் கணக்குதான்.

ஒரே செல், நாலு சென்டிமீட்டர்!

நம் உடம்பில் இருக்கும் சாதாரண செல்லின் அகலம் பத்து, இருபது மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஐம்பது, நூறு செல்கள் தாராளமாக வரிசையில் நிற்கும். 1665-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் கார்க்கை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்தது. 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிருள்ள செல் அல்ல. செல் காலி பண்ணிவிட்டுப் போன வீடு.

மைக்ராஸ்கோப் இல்லாமலே பார்க்கக்கூடிய செல் ஒன்று உண்டு. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சிலிருந்து ஒரே ஓர் இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தலைமுடியைவிட மெல்லிசாக ஒன்று ஆடுகிறதா? அந்த இழை மொத்தமும் ஒரே ஒரு செல்!

கொட்டையின் மேல்தோலில் இருக்கிற செல்களில் சில, பூ பூக்கிற நாளில் திடீரென்று வளர ஆரம்பிக்கின்றன. ஒரு கொட்டைக்கு ஆயிரக்கணக்கில். ஏறக்குறைய மூன்று வாரம் நீளம் மட்டும் கூடுகிறது. மூன்று சென்டிமீட்டர் என்பது சர்வசாதாரணம். 1974-ல் கோயமுத்தூர் பருத்தி ஆராய்ச்சியாளர்கள் 'சுஜாதா' என்ற ரகத்தையும் 'செயின்ட் வின்சென்ட்' என்ற ரகத்தையும் கலந்து 'சுவின்' என்று ஒரு ரகம் கொண்டு வந்தார்கள். அதன் இழை ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். ஒரு செல், நாலு சென்டிமீட்டர்! மனுஷன் அந்தக் கணக்கில் வளர்ந்தால் மருதமலையில் நின்றுகொண்டே ஊட்டியில் டீ குடிக்கலாம்.

இவ்வளவு நீளம் எப்படி வந்தது? பலூன் வித்தைதான். அந்தச் செல் தன் வயிற்றுக்குள் இருக்கும் பெரிய நீர்ப்பையில் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் இழுத்துக் குவித்துக்கொள்கிறது. உள்ளே சரக்கு அடர்த்தி கூடியதும், வெளியிலிருக்கும் தண்ணீர் தானாகவே உள்ளே பாய்கிறது. அழுத்தம் ஏறுகிறது. செல் நீள்கிறது. தண்ணீர் இப்படி அடர்த்தி கூடின பக்கம் தேடிப் போவதைத்தான் ஸ்கூலில் 'சவ்வூடு பரவல்' என்று மனப்பாடம் செய்தோம். ஆஸ்மாசிஸ்! ஸ்பின்னிங் மில்காரர் நீளமான பஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறாரே, அது ஆஸ்மாசிஸுக்குக் கொடுக்கிற காசு.

நீளம் முடிந்ததும் சுவர் கட்டும் வேலை. செல்லின் சவ்வில் ஆறு இதழ்ப் பூ மாதிரி மெஷின்கள் பதிந்திருக்கின்றன. சவ்வின் மேலேயே நகர்ந்துகொண்டு செல்லுலோஸ் நூலைக் கக்கிக்கொண்டே போகும். மூன்று, நாலு வாரம் இரண்டு ஷிஃப்ட், மூன்று ஷிஃப்ட் என்று இந்த வேலை நடக்கிறது. ஆக, முதல் ஸ்பின்னிங் மில் பல்லடத்திலும் இல்லை, அவிநாசியிலும் இல்லை. பருத்திக் காய்க்குள்ளே இருக்கிறது.

பிறகு செல் செத்துப் போகிறது. காய் வெடிக்கிறது. உள்ளே இருந்த தண்ணீர் வற்றியதும், குழாய் மாதிரி இருந்த இழை, தண்ணீர் நிறுத்திய ஹோஸ் பைப் மாதிரி தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழையோடு இழை பிடித்துக்கொண்டு நூலாகிறது. ஹூக் பார்த்தது போலத்தான் இதுவும். நீங்கள் உடுத்தியிருக்கும் பனியன், செல்கள் காலி பண்ணிவிட்டுப் போன கோடிக்கணக்கான வீடுகள்!

இன்டர்லாக் காம்பவுண்ட் சுவர்

இந்தக் கதையின் ஹீரோ சவ்வுதான். அதன் கனம் எட்டு நானோமீட்டருக்குள். பனியன் இழையின் அகலத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் சவ்வுகளை அடுக்கலாம்.

1925-ல் ஹாலந்து நாட்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்று இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். ரத்தத்தின் சிவப்பு அணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேல்பரப்பைப் போல் சரியாக இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால்? சவ்வு ஒற்றை அடுக்கு இல்லை, இரட்டை அடுக்கு. திருப்பூர் பாஷையில் சொன்னால் சிங்கிள் ஜெர்ஸி இல்லை, இன்டர்லாக்! இரண்டு முகமும் தண்ணீரோடு சிநேகம். நடுப்பகுதி மட்டும் எண்ணெய். தண்ணீரில் கரைகிற உப்பு அந்த எண்ணெய்க்குள் நுழையாது.

சரி, தண்ணீர் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாகப் போகிறது? ரொம்ப நாள் இது புதிராக இருந்தது. 1992-ல் அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே என்பவரின் குழு, சிவப்பு அணுவில் கிடைத்த ஒரு புரதத்துக்கான தகவலைத் தவளை முட்டைக்குள் ஊசி போட்டு ஏற்றியது. தவளை முட்டை குளத்துத் தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தாலும் ஊறாது. ஆனால் ஊசி போட்ட முட்டை, தண்ணீரில் போட்டதும் சில நிமிஷத்தில் ஊதி, 'டப்' என்று வெடித்தது. தண்ணீருக்கென்றே தனியாக ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிந்தது. 'அக்வாபோரின்' என்று பெயர். ஒரு வாசல் வழியாக ஒரு செகண்டில் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும். உப்பு ஒன்றுகூட நுழையாது. புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பஸ் ஏறுகிற கூட்டத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இந்த ஒழுங்குக்கு நோபல் பரிசு கொடுக்காமல் என்ன செய்வது? 2003-ல் கொடுத்தார்கள்.

உப்புக்கு வேறு ஏற்பாடு. நம் செல்லின் சவ்வில் ஒரு பம்ப் செட் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளினால் இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். 1957-ல் டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார். 1997-ல் நோபல் வாங்கினார். இந்த பம்ப் சும்மா ஓடுவதில்லை. நீங்கள் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறபோதுகூட உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசி இதற்குத்தான் போகிறது.

சம்பளத்தில் கால்வாசி வெறும் உப்பை வெளியே தள்ளுவதற்கு! இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உள்ளே ஒரு பனியன் கம்பெனி

சவ்வைத் தாண்டி உள்ளே போனால் திருப்பூர்க்காரர்களுக்கு வழி கேட்கவே வேண்டாம். எல்லாமே ஜாப் ஒர்க்!

நியூக்ளியஸ்தான் ஆபீஸ் ரூம். ஒரிஜினல் பேட்டர்ன் அங்கேயே பூட்டியிருக்கும். வெளியே வருவது நகல் மட்டும். அந்த நகலைப் பார்த்துத் தைப்பது ரிபோசோம் என்ற தையல் மெஷின். ஒரு செல்லில் இந்த மெஷின்கள் லட்சக்கணக்கில் உண்டு. அதன் அமைப்பை அணு அணுவாகப் பிரித்துக் காட்டியதற்காக 2009-ல் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். தைத்த சரக்கை மடித்து, லேபிள் ஒட்டி, எந்த ஊருக்கு எந்தப் பெட்டி என்று அனுப்புவது கோல்ஜி என்கிற பேக்கிங் செக்‌ஷன். மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர் ரூம். லைசோசோம், கட்டிங் வேஸ்ட்டை அரைக்கும் இடம். ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியாகச் சவ்வு. சாயம் போடுகிற இடத்தில் பேக்கிங் செய்ய முடியுமா? அதே லாஜிக்தான்.

இதில் ஒரு ரூம் மட்டும் உவமை இல்லை. நிஜமாகவே திருப்பூருக்கு வந்து வேலை பார்க்கிறது. பெராக்ஸிசோம் என்று பெயர். லைசோசோமையும் இதையும் அடையாளம் காட்டிய பெல்ஜியக்காரர் கிறிஸ்டியன் டி டூவ், 1974-ல் நோபல் வாங்கினார். செல்லுக்குள் வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகும். விட்டால் செல்லையே வெளுத்துவிடும். அதைப் பிடித்துத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைப்பது பெராக்ஸிசோமுக்குள் இருக்கும் 'கேட்டலேஸ்' என்ற என்சைம். காயத்தில் பெராக்ஸைடு ஊற்றினால் நுரைக்கிறதே, இதன் வேலைதான்.

சாயப்பட்டறையில் துணியை வெளுப்பதும் இதே பெராக்ஸைடுதான். மிச்சம் இருந்தால் அடுத்து ஏற்றும் சாயத்தைக் கெடுத்துவிடும். அதற்காக ஒரு கேனிலிருந்து ஊற்றுவார்கள். 'பெராக்ஸைடு கில்லர்' என்பார் மாஸ்டர். உள்ளே இருப்பது கேட்டலேஸ்! செல்லுக்குள் நடக்கும் அதே வேலை, கேனில் அடைத்து விற்பனைக்கு வந்திருக்கிறது.

டி-ஷர்ட் அட்டையில் 'பயோ வாஷ்' என்று போட்டிருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். செல்லுலேஸ் என்ற என்சைம், துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைத் தின்று வழுவழுப்பாக்குகிறது. இதற்குப் பேர்போன ஒரு பூஞ்சை எங்கே அகப்பட்டது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்களின் கூடாரத்தைத் தின்றுகொண்டிருந்தபோது! அன்றைக்கு எதிரி, இன்றைக்கு ஒர்க்கர்.

கடலைவிட உப்பு

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறோம்.

பருத்தியும் சாயமும் தண்ணீரில் போட்டால் முகம் கொடுத்துப் பேசாது. இரண்டுக்கும் மைனஸ் மின்னூட்டம். தள்ளிக்கொள்ளும். சமாதானம் செய்து வைக்கிற மத்தியஸ்தர்தான் உப்பு. சோடியத்தின் பிளஸ் மின்னூட்டம் நடுவில் புகுந்து சண்டையை அடக்க, சாயம் இழைக்குள் இறங்குகிறது.

எவ்வளவு உப்பு? அழுத்தமான கலர் என்றால் லிட்டருக்கு 60 கிராம் என்பது சாதாரணம். கால்குலேட்டரை எடுங்கள். 100 கிலோ துணிக்கு 800 லிட்டர் தண்ணீர் வைத்தால் 48 கிலோ உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 96 கிராம். ஒரு குடும்பத்துக்கு மூன்று நாள் சமையலுக்குப் போதும்! கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம்தான் இருக்கிறது. சாயத் தொட்டி கடலைவிடக் கரிப்பு.

சாயமாவது பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு? மத்தியஸ்தர் பந்தியில் உட்காரமாட்டார். அலசும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும். ஆற்றில் விடும் கழிவில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தொட்டியில் இருப்பது 60,000. அலசிய தண்ணீரோடு கலந்து நீர்த்தாலும் விதிக்குள் வராது. நிறத்தை எடுக்க மருந்து இருக்கிறது. உப்புக்கு மருந்து கிடையாது. பார்க்கத் தெளிவாக, பளிங்கு மாதிரி போகும் தண்ணீரிலும் உப்பு அப்படியே இருக்கும்.

நொய்யல் போட்ட ஊறுகாய்

மாவடு போடுகிறபோது என்ன நடக்கிறது? கொழுகொழுவென்ற வடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கினால், இரண்டு நாளில் ஜாடி நிறையத் தண்ணீர். நாம் ஊற்றவில்லை. வடுவின் செல்களுக்குள் இருந்த தண்ணீர், உப்பு இருக்கும் பக்கம் தேடி வெளியே வந்துவிட்டது. வடு சுருங்கிப்போகிறது. பருத்தி இழையை நீளமாக்கிய அதே ஆஸ்மாசிஸ், இப்போது ரிவர்ஸ் கியரில்.

இதைத்தான் நொய்யல் கரைத் தோட்டங்கள் அனுபவித்தன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறு. பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டித் திறந்தார்கள். தவளை முட்டை வெடித்த அதே வருஷம்! அணையில் தேங்கியது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, சாயத் தண்ணீரும் சேர்ந்துதான். சுற்று வட்டாரக் கிணறுகளில் உப்பு இறங்கியது. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியும் பயிர் வாடியது. காரணம் செல்லில் இருக்கிறது. வேரின் செல்லைவிட வெளியே உப்பு அதிகமானால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே தாகம்! போதாக்குறைக்கு, பொட்டாசியத்தின் ஜாடையில் இருக்கும் சோடியம் உள்ளே புகுந்து என்சைம்களின் வேலையையும் கெடுக்கும். தண்ணீர் வேண்டும் என்று மனுக் கொடுக்கிற ஊர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே ஆயக்கட்டு விவசாயிகளே, "இந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லும் நிலை வந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர்கள் நினைத்தார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில், கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்று ஏற்பாடு செய்யச் சொன்னது கோர்ட். அப்பீல் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2009 அக்டோபரில் அங்கேயும் அதே தீர்ப்பு. கெடு மேல் கெடு முடிந்தும் உப்பு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் ஹைகோர்ட் ஒரே உத்தரவில் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700 பட்டறைகளுக்கு மேல். மெயின் ஸ்விட்சை இறக்கியாயிற்று!

பாதிக்கப்பட்டது முதலாளிகள் மட்டுமா? துணி சாயத்துக்காக லாரி ஏறி வெளியூர் போனது. சாயம் வராமல் கட்டிங் டேபிள் காத்துக் கிடந்தது. கட்டிங் இல்லாமல் பவர் டேபிளுக்கு வேலை இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருந்தவர்களில் பலர் ஊருக்கு மூட்டை கட்டினார்கள். ஒரு ரூம் நின்றால் செல் மொத்தமும் நிற்கும் என்பதைத் திருப்பூர் பாடப் புத்தகம் இல்லாமலே படித்தது.

தலைகீழாக ஒரு சவ்வு

திறந்து வைத்ததும் சவ்வுதான். இந்தத் தடவை மனுஷன் செய்த சவ்வு.

தண்ணீர் உப்பைத் தேடித்தானே ஓடுகிறது? உப்புத் தண்ணீரின் பக்கம் பலமாக அழுத்தினால் அது திரும்பி ஓடுமா? ஓடும். அதுதான் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ். சுருக்கமாக ஆர்.ஓ. உங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறதே, அதேதான். 1960-ஐ ஒட்டி, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, காரியத்துக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வைத் தயாரித்தார்கள். 1965-ல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊருக்கு அதில்தான் குடிதண்ணீர் கொடுத்தார்கள்.

அந்தச் சவ்வை எதில் செய்தார்கள் தெரியுமா? செல்லுலோஸ் அசிடேட். பருத்திச் செல் தன் சுவருக்காகக் கக்கியதே அந்தச் செல்லுலோஸ், கொஞ்சம் வேஷம் மாறி வந்தது! இப்போது பாலியமைடுக்கு மாறிவிட்டார்கள்.

இன்றைக்குத் திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் சாயத் தண்ணீர் போனால், முதலில் காற்று ஊதும் தொட்டியில் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன. அங்கேயும் செல்தான் ஒர்க்கர். வடிகட்டிய பிறகு ஆர்.ஓ. சவ்வு. கார் டயரில் காற்றழுத்தம் இரண்டு பார் சுமாருக்கு இருக்கும். கடல் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ள அறுபது பார் வேண்டும் என்றால் பம்ப்பின் கரண்ட் பில்லை யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் மறுபடி சாயத் தொட்டிக்குப் போகிறது. மிச்சமிருக்கும் கெட்டி உப்புத் தண்ணீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, அதையும் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். உபயோகமில்லாத கலப்பு உப்பு மட்டும் மூட்டையில் தங்குகிறது. அந்த மூட்டையை என்ன செய்வது என்பதுதான் பாக்கியுள்ள தலைவலி.

கணக்கு டேலி ஆகிறதா?

இப்போது அந்தக் கால்வாசிக் கணக்கை எடுங்கள்.

'வெளியூர்க்காரன் உப்பை ஆற்றில் விடுகிறான், நமக்கு மட்டும் ஏன் இந்தச் செலவு? ரேட்டில் அடி வாங்குகிறோமே' என்று சாயப்பட்டறைக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சுத்திகரிப்புச் செலவு அவர் தலையில்தான் விழுகிறது. அவர் சாயம் போட்ட டி-ஷர்ட்டை பெரிய பெரிய ஊர்களில் வாங்கிப் போடுகிறவர் பில்லில் 'உப்பு' என்று ஒரு வரியும் கிடையாது. இந்தப் பாரத்தை வாங்குகிறவரும் பகிர்ந்துகொண்டால்தான் முறை.

ஆனால் உப்பை வெளியே தள்ளும் செலவு முன்னாலும் இருந்தது. பட்டறையின் பேரேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஒரத்துப்பாளையம் விவசாயியின் பேரேட்டில் பற்று எழுதப்பட்டிருந்தது. தென்னை காய்ந்த கணக்காக, கிணறு கரித்த கணக்காக, குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருந்த கணக்காக. 2011-ல் கோர்ட் செய்தது, அந்தப் பதிவைச் சரியான பக்கத்துக்கு மாற்றியதுதான். காமர்ஸ் படித்தவர்கள் இதை 'ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி' என்பார்கள்.

செல்லுக்கு இந்த வழி தெரியும். கால்வாசிச் சம்பளம் போனாலும் பம்ப்பை நிறுத்தாது. செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நிறுத்தினால் சோடியம் உள்ளே ஏறும், கூடவே தண்ணீர் ஏறும், செல் ஊதும், வெடிக்கும். லாபம் பார்க்க யாரும் மிஞ்சமாட்டார்கள்.

அடுத்த தடவை கறுப்பு டி-ஷர்ட் எடுக்கும்போது, "என்னங்க, அம்பது ரூபாய் குறைச்சுக்கொடுங்க" என்று பேரம் பேசுங்கள். தப்பில்லை. ஆனால் அதில் 96 கிராம் உப்பு இருந்ததை மட்டும் மறந்துவிடாதீர்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்பதுதான் கேள்வி.